தென்கிழக்கே கொஞ்சம்

கம்பி எத்தனை என்று கேட்டுக்கொண்டேதான்
எல்லோரும் கடைக்குள் நுழைகிறார்கள்.
ஐந்தைவிடப் பதினொன்று உசத்தி என்று
யாராவது சொல்லி அனுப்பியிருப்பார்கள்.
நான் கேட்பது வேறு:
பனை எந்தப் பக்கம் நிற்கிறது,
மாடி எத்தனை அடி,
எந்த ஊரைப் பார்க்கவேண்டும் உங்களுக்கு.

திசையன்விளைக்கு இரண்டு திசை.
வடக்கே, மேற்கில் ஒரு விரல் சரிந்து, கொடைக்கானல்.
வெள்ளிக்கிழமைப் பாட்டு, ஞாயிற்றுக்கிழமைப் படம்,
மிச்ச நேரமெல்லாம் இந்தி.
தென்கிழக்கே, உவரியைத் தாண்டி,
தண்ணீருக்கு அந்தப்புறம் ரூபவாகினி.
பங்குனியில் கடல் அசையாத ராத்திரி
கொழும்பு கண்ணாடி மாதிரி விழும்.
ஆனி பிறந்துவிட்டால்
திரை முழுக்க எறும்பு.

ஞானதிரவியம் சைக்கிளை நிறுத்தும்போதே சொன்னார்:
'வடக்க பாத்து ஒண்ணு போடும் வே.'
பின்னாலிருந்து இறங்கிய தங்கபுஷ்பம்
சுவரில் சாய்த்திருந்த நீளக் கம்பியைப் பார்த்தார்.
'அது எதுக்கு?'
'அது சிலோனையும் பிடிக்கும் அக்கா. காசு கூட.'
அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.
பில் போடும்போது மட்டும்
ஜெபப் புத்தகத்துக்குள்ளிருந்து
மடித்த நோட்டு மூன்றை எடுத்து
மேசையில் வைத்தார்.
ஞானதிரவியம் நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
'சரி, நீளத்தையே கட்டும்.'

இருபதடிக் குழாய், மூன்று இழுகம்பி,
உப்புக்காற்றுக்கு ஆணியெல்லாம் கிரீஸ்.
ஆடி மாதம், சாயங்காலம் ஆறேகால்,
தேரிமண் பல்லில் நறநறக்கிறது.
நான் மாடியில். அவர் படியில். அந்த அம்மா பெட்டி முன்னால்.
'தெரியுதா?'
'தெரியுதா புஷ்பம்?'
'இல்ல.'
'இல்லையாம்!'

மாடியில் நிற்பவனுக்குப் படம் கிடையாது.
இருநூறு வீட்டுக்குக் கட்டியிருக்கிறேன்,
எல்லாம் காதால் பார்த்ததுதான்.

வடக்கே நிறுத்தினேன்.
தெருவிலுள்ள ஆண்டெனாவெல்லாம் அந்தப் பக்கம்தான்,
மழைக்கு முதுகு கொடுத்த ஆடுகள் மாதிரி.
'இல்ல.'
ஒரு நூல் இடம். ஒரு நூல் வலம்.
'இல்லையாம்!'
என் கணக்கு இதுவரை தப்பியதில்லை.
குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு
கிழக்கே திருப்பினேன், இன்னும் திருப்பினேன்,
உவரிக்காற்று நேராக முகத்தில் அறைந்தபோது
கீழிருந்து, இடையில் ஆளில்லாமல், நேராகவே வந்தது குரல்:
'நிறுத்துங்க. தெளிவா இருக்கு.'

ஆடியில், அந்தப் பக்கம், தெளிவா?
இறங்கிப் போய்ப் பார்த்தேன்.
எறும்புதான்.
எறும்புக்குப் பின்னால் ஒருவர் சிங்களத்தில் செய்தி வாசிக்கிறார்.
அவர் தோளுக்குமேல் ஏதோ ஒரு கடைத்தெரு
வந்து வந்து போகிறது.
தங்கபுஷ்பம் முந்தானையால்
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்,
அத்தனையும் தூசி என்பதுபோல.

மறுபடி மாடிக்கு ஏறினேன். அவரும் கூட ஏறினார்.
'வடக்க திருப்பிரட்டா அண்ணாச்சி?'
'வேண்டாம். ஆணிய முறுக்கும்.'
அப்புறம், கடல் இருக்கும் பக்கம் பார்த்து,
'அவ தம்பி புறக்கோட்டைல ஒரு கடைல' என்றார்.
நிக்கான் என்று முடித்தாரா, நின்னான் என்றா,
அந்தக் காற்றில்
சரியாகக் கேட்கவில்லை.

இறுக்கித்தான் முறுக்கினேன்.
ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால்
ஞானதிரவியம் படம் பார்க்க
பக்கத்து வீட்டுக்குப் போகிறாராம்,
நாற்காலியையும் தூக்கிக்கொண்டு.