பத்தடி ரோல்

காங்கயம். ராத்திரி ரெண்டரை.
பத்தடி ஃப்ளெக்ஸில் ஓரம் வீணாகாமல்
தன்விகாவின் காதுகுத்தையும்
சென்னியப்பனின் கண்ணீர் அஞ்சலியையும்
ஒட்டி ஒட்டி ஏற்றிவிட்டேன்.
அவர் படம் தேட வேண்டியதில்லை,
கம்ப்யூட்டரிலேயே இருந்தார்.
போன தையில் மகன் கல்யாணத்துக்கு
இதே கும்பிடோடு வரவேற்றவர்.

மெஜந்தா அடைத்துக்கொண்டது.
குழந்தை கன்னத்தில் கிளம்பிய வெள்ளைக்கோடு
அவர் மீசையைத் தாண்டிப் போனது.

நிறுத்தி,
சிரிஞ்சில் சால்வென்ட் எடுத்து
ஹெட்டுக்குச் சொட்டுச் சொட்டாக.
அவசரப்பட்டால் இருபத்தெட்டாயிரம்.
கட்டின தவணை ஏழு; நிற்பது இருபத்தொன்பது.

நாலு நிறமும் திரும்பின.
முதலிலிருந்து ஓட்டினேன்.

வெளியே டெம்போவில் மகன்.
"காஞ்சிருச்சுங்களா?"
"இன்னொரு காமணி நேரமாகுங்க."
ஃபேனைத் திருப்பி வைத்தேன்.

நடுவே பிளேடை இழுத்தபோது
காதுகுத்துப் பக்கம் அரை இஞ்ச் தங்கிவிட்டார்,
கும்பிட்ட கையின் முழங்கை மட்டும்.
ஐலெட் அடிக்கையில்
மடிப்புக்குள் போய்விடும்.