நூறு ஹேர்ட்ஸில் ஒரு கெளுத்தி

இரணைமடுவிலிருந்து வாளியில் வந்தது.
குகதாசன் மூடியைத் தூக்கி,
"இதுக்குக் காது எங்கையெண்டு காட்டுங்கோ பாப்பம்" என்றான்.
காட்ட ஒன்றுமில்லை.
மடல் இல்லை, துளை இல்லை.
தலையோட்டுக்குள்ளே ஒரு கல்,
குறுநொய் அளவு.
கல்லை ஒட்டி, மயிர் முளைத்த கலங்கள்.
நான் சொல்லி முடிக்க முன்
காசை எண்ணிக்கொண்டு போய்விட்டான்.

ஒலி வந்தால் நீர் அசையும்.
மீனும் நீரோடு அசையும்.
கல் மட்டும் ஒரு துளி பிந்தும்.
அந்தப் பிந்தல்தான் கேள்வி.

பிந்திய கல் மயிரைச் சாய்க்க,
மயிர் நுனியைக் கட்டிய நூல் இழுபட,
ஒரு துருசு திறக்கும்.
துருசென்று நான்தான் சொல்கிறேன்;
புத்தகத்தில் அதன் பெயர் அயன் கால்வாய்.
பொற்றாசியம் உள்ளே பாயும்,
கல்சியம் பின்னால் வரும்,
கல்சியத்தைக் கண்டு இன்னொரு பெரிய கதவு திறந்து
பொற்றாசியத்தை வெளியே விடும்.
உள்ளே, வெளியே, உள்ளே, வெளியே,
ஒரு நொடிக்குள் எத்தனையோ தரம்.
இந்த வேகத்தில் இங்கே எந்தக் குளமும்
வயலுக்கு நீர் விட்டதில்லை.

எங்கோ குளிர்கடலில் ஒரு மீனுக்கு
முட்டை வைக்கும் காலத்தில்
அந்தப் பெரிய கதவுகள் பெருகுமாம்.
ஆணின் முனகல்
அப்போதுதான் அதற்குத் துலங்குமாம்.
மாரி இருண்டால் எங்கள் கெளுத்திக்கும் அப்படியா?
இதற்குத்தான் பணம் தந்திருக்கிறார்கள்,
ஒரு வருடத்துக்கு, ஒரு பழைய பெருக்கியோடு.

அறிவியல்நகர். ஆய்வுகூடம். புரட்டாதி வெக்கை.
மயக்கிய மீனின் தலையில் இரண்டு கம்பி.
நூறு ஹேர்ட்ஸ், இருநூறு, நானூறு.
ஒலியைக் குறைத்துக் குறைத்து
திரையில் கோடு படுக்கும்வரை போவோம்.
அடுத்த அறையிலிருந்து யதுகுலன் எண் சொல்ல
நான் எழுதுவேன்.
அவன் எனக்கு வலப்பக்கம் நின்றுதான் பேசுவான்.

ஒலியே போடாத சோதனையில்
கோடு எழுந்து நின்றது.
பதினொன்று முப்பத்தெட்டு.

நில இணைப்பைச் சரிபார்த்தோம்.
குளிர்சாதனப் பெட்டியைக் கழற்றினோம்.
மின்விசிறியை நிறுத்தி வியர்த்தோம்.
உன் கம்பிதான் பிழை, உன் கைதான் பிழை என்று
ஒரு பின்னேரம் முழுக்கக் கதைக்காமல் இருந்தோம்.
அடுத்த நாளும் எழுந்தது, அதே நேரத்துக்கு.
மூன்றாம் நாள் யதுகுலன் யன்னலைப் பார்த்துக் கத்தினான்:
"ரயிலடி! ரயில்!"

எனக்குக் கேட்கவில்லை.

கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் என் இடக்காதுக்கும்
இதே மாதிரி ஒரு படம் கீறித் தந்தார்கள்.
கோடு சமமாய் வந்து
திடீரென்று கிணற்றுக்குள் இறங்குகிறது.
ஒன்பது வயது எனக்கு.
பங்கரின் வாசலில் நின்றேன்,
உள்ளே இடமில்லை.

அந்தச் சத்தத்தில் மீனின் கலங்களும் செத்திருக்கும்.
ஆனால் கிழமைகளில் திரும்ப முளைத்துவிடும்,
யாரும் விதைக்காத புல்லைப் போல.
இதை முதலில் வாசித்த இரவு
கட்டுரையை மூடிவிட்டுப் பாத்திரம் கழுவினேன்.
சட்டியைப் போட்டு உரஞ்சினேன்.

அறிக்கையில் அந்த மூன்று நாளையும் வெட்டினோம்.
புறச் சத்தம், ஒரு வரி.
மாரிக்கு என்ன ஆகும் என்று இன்னும் தெரியாது;
மாரியும் இன்னும் வரவில்லை.
"என்ன, கேட்டுதே?" என்று
அடுத்த வாளியோடு வந்த குகதாசன் கேட்டான்.
"உன்னைவிட நல்லாக் கேக்குது" என்றேன்.
சிரித்தான். விலையைக் கூட்டினான்.

நாலாம் நாள்,
ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டு
தொட்டியின் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தேன்.
பதினொன்று முப்பத்தாறு.
முப்பத்தேழு.
திரையில் கோடு எழும்பியது.
கையில் இன்னும் ஒன்றுமில்லை.

பிறகு, வந்தது.