எந்த நாம்

செவ்வாய் மாலை ஆறரைக்கு
எல்லிஸ் அவென்யூ நூலகத்தின் பின்மேசை என்னுடையது.
‘ஆங்கில இலக்கண உதவி, இலவசம்’ என்று
அட்டை மடித்து நிறுத்தியிருக்கிறார்கள்.
உதவுகிறவன் அதே மொழித் தேர்வில்
இருமுறை கோட்டைவிட்டவன் என்பது
அட்டையில் இல்லை.

வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தேழு.
வினிபெக்கின் கார்கள்
மூக்கிலிருந்து மின்கம்பி தொங்க
தீவிர சிகிச்சையில் கிடக்கின்றன.

மாரிதெஸ் வருகிறாள். என் வயதுதான்.
மணிலாவில் ஒன்பது வருடம் தாதி,
இங்கே முதியோர் இல்லத்தில் விரிப்பு மாற்றுகிறாள்.
உரிமம் கேட்டு எழுதியதற்கு
‘வருந்துகிறோம்’ என்று கடிதம் வந்திருக்கிறது.
மாலைப் பள்ளியில்
பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலம் முடிக்க வேண்டுமாம்.

முதலில் அவள் கட்டுரை.
‘அந்த நோயாளி இறந்தார்’ என்று தொடங்கியிருக்கிறாள்.
முதல்முறை சொல்லும்போது ‘ஒரு’, அப்புறம்தான் ‘அந்த’
என்கிறேன்.
பேனாவை மூடி வைக்கிறாள்.
பதினொரு மாதம் குளிப்பாட்டினேன்,
எனக்கு அவர் எப்படி ‘ஒரு’ ஆவார்?
வாசிக்கிறவருக்கு அவரைத் தெரியாதே, என்கிறேன்.
விதி சரிதான்.
சொன்ன வாய்தான் கொஞ்சம் கசந்தது.

அடுத்து ஒரு கவிதை, பதினான்கு வரி.
உறைந்த ஏரிக்கரையில் ஓர் ஊர்.
விளக்கை அணைக்காமல் வைத்திருந்தோம்,
விறகை எண்ணிக்கொண்டிருந்தோம்,
கடைசியில் யாரோ ஒருவர் வருகிறார்,
சூப் ஆறிவிட்டது, சாப்பிடுகிறோம்.
கீழே கேள்வி:
இதில் ‘வீ’ என்பது யார்? ஐந்து மதிப்பெண்.

ஊர்க்காரர்கள், என்கிறேன், கடிகாரத்தைப் பார்த்தபடி.
இல்லை, எந்த ‘வீ’? என்கிறாள்.
ஆங்கிலத்தில் ஒன்றுதான் இருக்கிறது.
அதுதான் கஷ்டம், எங்களிடம் இரண்டு:
‘தாயோ’ என்றால் நீயும் உள்ளே,
‘கமி’ என்றால் நீ வாசலில்.

நாற்பது வருடமாக இரண்டையும்
வாயில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன்.
இந்த மேசைக்கு ஒருநாளும் எடுத்து வரத் தோன்றவில்லை.
நாம், என்றேன். நாங்கள், என்றேன்.
சொல்லிப் பார்த்தாள்.
‘ங’ அவளுக்குச் சொந்த வீடு,
‘ள்’ தான் வழுக்கி விழுந்தது.

பிறகு மேலிருந்து மறுபடி வாசித்தோம்,
ஒவ்வொரு ‘வீ’யையும் நிறுத்தி, அடையாளம் கேட்டு.
விளக்கு: நாங்கள். விறகு: நாங்கள்.
சூப்: நாம்.
இடையில் எங்கேயோ கதவு திறந்திருக்கிறது.
பதினோராம் வரியில் என்றேன் நான்,
வந்தவர் பூட்ஸைக் கழற்றும் இடத்தில்.
ஒன்பதில் என்றாள் அவள்,
உள்ளே யாரோ ஒரு தட்டு கூடுதலாகக் கழுவுகிறாரே.
விட்டுக்கொடுக்கவில்லை இருவரும்.
மூன்று வாக்கியம் கேட்ட இடத்தில்
ஓரமெல்லாம் நிரப்பி எழுதினாள்,
‘ஒரு’க்களும் ‘அந்த’க்களும் ஏறக்குறைய சரியாக.

புத்தகத்தின் பின்னால் மாதிரி விடை இருந்தது:
ஒற்றுமை உணர்வு.
திரும்பவும் மூடினோம்.

பையிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்தாள்.
‘வருந்துகிறோம்’ என்ற இடத்தில்
பென்சிலால் மெல்லக் கோடிட்டு
பக்கத்தில் எழுதினாள்: கமி.
அதற்கு நான் விளக்கம் ஒன்றும் சொல்லவில்லை,
இலவசமாகக்கூட.

பத்து நிமிடத்தில் மூடுகிறோம் என்றது ஒலிபெருக்கி.

போர்ட்டேஜ் முனைக்கு ஓடினோம்,
மூச்சு முன்னால் வெள்ளையாக ஓட.
பேருந்தின் சிவப்பு விளக்கு
பனிப்புகையில் சின்னதாகிக்கொண்டிருந்தது.
தவறவிடுகிறோம், என்றாள் ஆங்கிலத்தில்.
இறந்தகாலத்தில் சொல்லியிருக்க வேண்டும்.
நான் திருத்தவில்லை.
அடுத்தது இருபத்திரண்டு நிமிடத்தில்.