பக்கம் 212-இன் ஓரத்தில்

காசிமேட்டில் தடைக்காலம்.
விசைப்படகுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு
சும்மா நிற்கும் மே மாதப் பிற்பகல்.
மீன்பாடி வண்டியில் வந்து இறங்கியது சுக்கான்,
கழுத்துவரை ஐஸ்.

ஈறு செங்கல் நிறம். நாக்கு பலகை மாதிரி.
தெர்மாமீட்டர் நூற்றெட்டைத் தாண்டியதும்
எண்ணை விட்டுவிட்டு வெறும் கோடு காட்டியது.
"போட்டு மேல கட்டிட்டு
டீ குடிக்கப் போச்சு என் புள்ள, மேடம்.
நெழலு நவுந்துடுச்சு"
என்றாள் பூங்காவனம்.

புத்தகம் ஆட்டோகிளேவ் மேல் கிடந்தது,
உப்புக் காற்று குடித்து இரண்டு மடங்கு பருத்து.
அயோடின் கறையைப் பிடித்துக்கொண்டே போனால்
வெப்பத் தாக்கு வந்துவிடும்:
பனிக்கட்டி வேண்டாம்.
தோலின் நாளங்கள் சுருங்கி
சூட்டை உள்ளேயே அடைத்துவிடும்.
சாதாரணத் தண்ணீர், காற்று.
நூற்று மூன்றில் நிறுத்து.

திட்டத்தான் வாயெடுத்தேன்.
ஓரத்தில் பென்சிலில், யார் கையெழுத்தோ:
"ஐஸோடுதான் வருவார்கள். திட்டாதே."

வாயை மூடிக்கொண்டு
ஐஸை இரண்டு கையாலும் வழித்துத் தள்ளினேன்.
"அய்ய, அத்த ஏன் எடுக்குறே?"
இம்தியாஸ் நீல டிரம்மிலிருந்து மொண்டு ஊற்ற,
டேபிள் ஃபேன் கழுத்தைத் திருப்ப மறுத்தது.
ஃபேனையே தூக்கிக்கொண்டு நின்றான்.

சுவரில் மருந்தளவு அட்டை:
ஐந்து கிலோ, பத்து, பதினைந்து, இருபது.
எடை மேடை போன மாதமே செத்துவிட்டது.
அவள் இரண்டு கையையும் அடியில் கொடுத்து
வஞ்சிரக் கூடைபோல் அரை அங்குலம் தூக்கினாள்.
"பதினேழே முக்கா.
ஐஸு சேக்காம."

அட்டையில் அந்தக் கட்டம் இல்லை.
பதினேழே முக்காலுக்கே போட்டேன் கணக்கை;
சொட்டத் தொடங்கியது சலைன்.

நூற்றைந்து. நூற்று நாலு.
நூற்று மூன்றில் ஃபேனை இறக்கினான் இம்தியாஸ்.
வால் அசைந்ததா
ஃபேன் காற்று அடங்கியதா
எனக்குத் தெரியவில்லை.
அடுத்த பக்கம் சொல்கிறது:
இருபத்து நாலு மணி நேரம்.
வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளிகளைத் தேடு.
சிறுநீரை அள.

பென்சில் தேடி, கிடைக்காமல்,
பேனாவால் எழுதினேன் அந்தக் கையெழுத்துக்குக் கீழே:
"எடையை அவர்களிடமே கேள்."

வாசலில் உருகி ஓடிய ஐஸில்
செதில் மின்னியது.
தெருவின் ஆறு பூனைகளும்
டோக்கன் வாங்காமல் உள்ளே வந்தன.