எட்டுக்குக் கொஞ்சம் குறைய

நாளைக்குக் கடைசித் தேதி.
கோட்டூர் கடைத்தெருவில்
என் கடை வாசலில் பதினேழு ஜோடிச் செருப்பு.
அடங்கல், சிட்டா, பாஸ்புக், ஆதார்
பாலித்தீன் பைகளுக்குள்
மழைக்குப் பயந்து மடங்கிக் கிடக்கின்றன.

திரையில் ஒரு வட்டம் சுற்றுகிறது.
காலையிலிருந்து அதே வட்டம்.
செக்கு மாடு சுற்றினால்
எண்ணெயாவது வரும்.

நான்கு ஜிபி.
கடை திறந்த வருஷம் அது தாராளம்.
கரண்ட் பில், ரயில் டிக்கெட்,
எப்போதாவது ஒரு ஜாதிச் சான்று.
இப்போது பட்டாவுக்கு ஒரு ஜன்னல்,
காப்பீட்டுக்கு ஒன்று, ஸ்கேனருக்கு ஒன்று.
ஒற்றை மதகைத் திறந்து வைத்து
ஊர் முழுக்கப் பாய்ச்சச் சொன்னால்
அது என்ன செய்யும்?

திருவாரூர் ஹபீபுதீன் பஸ்ஸில் கொடுத்தனுப்பிய
முதல் மெமரி
பள்ளத்தில் உட்காரவே மறுத்தது.
நடுவில் இருந்த வெட்டு
ஒரு நூல் தள்ளியிருந்தது, அவ்வளவுதான்.
அதே பஸ்ஸில் திரும்பிப் போயிற்று.

இன்றைக்கு வந்தது இரண்டாவது,
கண்டக்டர் பைக்குள்
சில்லறையோடு குலுங்கி.
"பழசு, ஆனா நல்லது" என்றார் போனில்.
கிழிந்த ஸ்டிக்கரில் பேனாவால் 'கு-3'.
எந்த ஆபீஸின் மூன்றாம் மேஜை,
எவர் வீட்டுக் கல்யாண ஆல்பம்,
எந்த ஆஸ்பத்திரி ரசீது
இதன் வழியாகப் போயிருக்கும்?
கேட்டால் தெரியாது.
பிடுங்கிய அன்றைக்கே எல்லாம் போச்சு.

"பத்தே நிமிஷம்" என்று
பதினேழு பேரிடமும் சொல்லிவிட்டு
அணைத்தேன், வயரைப் பிடுங்கினேன்.
மூடியில் இரண்டு ஸ்க்ரூ, அதில் ஒன்று
எப்போதோ காணாமல் போனது.
உள்ளே பதர் மாதிரிப் புழுதி,
பல்லி முட்டை ஓடு இரண்டு.
ஆறு வருஷமாய்க் காலியாய்க் கிடந்த
இரண்டாவது பள்ளத்தில்
சிலந்தி ஒன்று அனுபோக பாத்தியதை கொண்டாடியது.
பெயின்ட் பிரஷ்ஷால்
ஆக்கிரமிப்பை அகற்றினேன்.

வளையலைக் கழற்றி வைத்து
ஜன்னல் கம்பியை ஒருமுறை தொட்டேன்.
"சாமி கும்புடுதா?"
"இல்லக்கா, ஒடம்புல உள்ள கரண்ட்ட எறக்குறேன்."
ரெஜினாமேரி நம்பவில்லை,
சிலுவை போட்டுக்கொண்டாள்.

இரண்டு கட்டைவிரல்.
க்ளிக். க்ளிக்.

சுவிட்சைப் போட்டேன்.
நீளமாய் மூன்று முறை கத்தியது.
திரை கறுப்பு.
வெளியே தூறல் வலுக்க
உள்ளே ஒருவரும் பேசவில்லை.
நாற்பது பைசா வட்டி கூடியதுபோல்
என்னையே பார்த்தார்கள்.

ரெஜினாமேரி மகளின் டப்பாவிலிருந்து
ஸ்ட்ராபெர்ரி வாசத்தோடு ஒரு ரப்பர்.
தங்கப் பற்களை வரிசையாய்த் தேய்த்தேன்,
ஊதினேன்,
மறுபடி அழுத்தினேன்.
ஒரே ஒரு பீப்.

நினைவகம்: 8.00 ஜிபி.
பக்கத்தில் அடைப்புக்குள்,
பயன்படுத்தக்கூடியது 7.88.

பக்கிரிசாமி கண்ணாடியை மாட்டிக் குனிந்தார்.
"மிச்சம் எங்க போச்சு?"
"படம் காட்றதுக்கு அது எடுத்துக்கும்ணே."
"தலமடக்காரன்" என்றார்,
மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.
கடைமடைக்காரருக்கு இந்தக் கணக்கு
மேட்டூர் திறக்கும் நாளிலிருந்தே பழக்கம்.

அப்புறம் ஓடியது பாருங்கள்.
வட்டம் வரவே நேரமில்லை.
ஓடிபி வருவதற்குள் பக்கம் காத்து நின்றது.
ஒன்பது ரசீது
சூடாய் வெளியே வந்தது.

பத்தாவது பக்கிரிசாமியுடையது.
சர்வே எண் அடித்து, பரப்பு அடித்து,
சமர்ப்பி என்பதற்கு அம்பை நகர்த்துகையில்
கரண்ட் போயிற்று.
பேட்டரி பெட்டி
புரட்டாசியிலேயே செத்துவிட்டது.

நான்கு மறந்ததைப் போலவேதான்
எட்டும் மறந்தது.
கொஞ்சம் பெரிய மறதி, அவ்வளவுதான்.

யாரும் எழுந்து போகவில்லை.
"இன்னொருக்கா சொல்லுங்கண்ணே."
இருட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது:
"நூத்திப் பன்னெண்டுல மூணு பி, அறுவது செண்டு.
நூத்திப் பதினாலுல ஒண்ணு,
அது குத்தகை. போன வருஷம் முழுவுனது."

மெமரி வந்த வெள்ளிக் கவர் மேல்
செல்போன் வெளிச்சத்தில் எழுதிக்கொண்டேன்.
வாசலில்
யாருடையதோ ஒரு செருப்பு மட்டும்
மெல்ல நகரத் தொடங்கியது.