மூன்றாம் கட்டம்

பயிற்சி முடிவில் ஒரு தாள் கொடுத்தார்கள்.
நான்கு கட்டங்கள்.
நடந்தது என்ன.
என்ன உணர்ந்தீர்கள்.
எதைத் தவறவிட்டீர்கள்.
இனி என்ன செய்வீர்கள்.
உணர்ந்ததற்குத்தான் இடம் குறைவு,
மருந்து பாட்டில் லேபிள் அளவு.

பெயர்: ம. சகாயராணி.
இடம்: பெரியாஸ்பத்திரி, ஆண்கள் அறுவை வார்டு.
இரவுப் பணி.
கட்டில் முப்பத்திரண்டு, ஆட்கள் ஐம்பத்தொன்று.
மிச்சப் பேர் தரையில், பாயில்,
ஒருவர் தலைமாட்டில் இன்னொருவர் கால்.

பதினான்காம் கட்டில் ஒச்சப்பன்.
உசிலம்பட்டிப் பக்கம். விடிந்தால் குடல் ஆபரேஷன்.
கம்பியில் தொங்கிய அட்டை நானே கட்டியது:
வாய்வழி எதுவும் கூடாது.
மூன்று மணிக்குக் கை தூக்கினார்.
"தண்ணி, சிஸ்டர்."
கூடாதுப்பா, காலைல ஆபரேஷன்ல, என்றேன்.
கனிவாகத்தான் சொன்னேன்.
அதை இங்கே குறிப்பிட வேண்டும்.
போர்வையைக்கூட இழுத்துவிட்டேன்.
மறுபடி, "தண்ணி."
மறுபடி அதே கனிவு.
மூன்றாவது முறை
அவர் கை கட்டிலுக்கு வெளியே நீண்டு கிடந்தது.
எடுத்து உள்ளே வைத்தேன்.

ஐந்தரைக்குத் தரை துடைக்க வந்த பாக்கியத்தக்கா
"அவரு தனக்கா கேட்டாரு?" என்றாள்.
"கீழ கெடக்காருல்ல, பேர் தெரியாதவரு,
அவருக்குல்ல கேட்டிருக்காரு."

மேலூர் ரோட்டில் அடிபட்டு
நூற்றியெட்டில் வந்து இறங்கியவர்.
கூட யாருமில்லை. தாடை வீங்கிப் பேச்சு வராது.
தண்ணீர் கொடுக்கலாம் என்று கேஸ் ஷீட்டில் இருந்தது.
அதற்குக் கீழே என் கையெழுத்தும் இருந்தது.

அக்கா டம்ளரைச் சாய்த்துப் பிடித்தாள்.
ஒன்று.
இன்னொன்று.
மூன்றாவதில் பாதி.
அந்தத் தொண்டை ஏறி இறங்குவதைப்
பார்த்துக்கொண்டே நின்றேன், கையில் பேனாவோடு.

யாரும் சாகவில்லை.
பதிவேட்டில் அந்த இரவுக்கு நேராக
'குறிப்பிடும்படி ஒன்றுமில்லை' என்றிருக்கிறது.
ஒச்சப்பன் ஒன்பதாம் நாள் தையல் பிரித்துப் போனார்.
போகும்போது கொஞ்சம் கூச்சத்தோடு கும்பிட்டார்.
அன்றைக்கு நான் கேட்டிருக்கலாம்.
கேட்கவில்லை.

தாளில் எழுதினேன்: பணிச்சுமை, ஆள் பற்றாக்குறை.
பொய் இல்லை.
இனிப் பொறுமையாகப் பேசுவேன்.
அது பொய். அன்றைக்குப் பொறுமை நிறையவே இருந்தது.
மூன்றாம் கட்டத்தை மட்டும் காலியாக விட்டுக் கொடுத்தேன்.

கோரிப்பாளையம் சிக்னலில் பஸ் நிற்கும்போது அது நிரம்பும்.
அரிசி களையும்போது நிரம்பும்.
அட்டையைப் படித்தேன், ஆளைப் படிக்கவில்லை:
இப்படி ஒரு வரி வந்தது.
அழகாக இருந்ததால் அழித்துவிட்டேன்.
நடந்தது இவ்வளவுதான். அவர் விரல் நீட்டியிருந்தார்.
விரல் எதையாவது காட்டும் என்று
அந்த மூன்று மணிக்கு எனக்குத் தோன்றவில்லை.

போன வாரம் திரும்ப இரவுப் பணி.
இருபதாம் கட்டில், திருமங்கலத்துக்காரர்,
"தண்ணி" என்றார்.
"யாருக்கு?" என்றேன்.
ஒரு மாதிரி பார்த்தார்.
"எனக்குத்தான். வேற யாருக்கு?"
பக்கத்துப் பாயில் யாரோ சிரித்தார்கள்.
நானும் சிரித்தேன்.
ஊற்றிக் கொடுத்துவிட்டு
சிரித்தவரிடமும் கேட்டேன்.
வேண்டாம் என்றார்.