அதன் பிறகு

பெத்தர் சாலை அலுவலகத்தில் ஸ்டென்சில் வெட்ட
எனக்கு முந்நூற்று எழுபது ரூபாய்.
ஓர் எழுத்து பிசகினால் சிவப்பு மை தடவி
ஊதி ஊதிக் காயவைக்க வேண்டும்.

அன்று வந்த தாள்:
அர்காதி வெனியாமினோவிச் ஸ்த்ரோயெவ்.
சரத்தோவில் பிறப்பு. தகப்பன் ரயில்வே பேண்டில் ட்ராம்போன்.
லெனின்கிராதில் படிப்பு. போர்க்காலத்தில் தாஷ்கண்ட்:
பருத்திக் கிடங்கில் ஓபரா,
கம்பளிக் காலுறையோடு இளவரசிகள்.
நாற்பத்தேழில் பெர்ம் நகர அரங்கின் தலைமைக் கண்டக்டர்.

கண்டக்டர் என்று அடிக்கையில் சிரித்துவிட்டேன்.
என் அண்ணனுக்கு பெஸ்ட் பஸ்ஸில் அதே உத்தியோகம்.

அடுத்த ஆறு வரிகளை
லுத்மிலா நீலப் பென்சிலால் அடித்திருந்தாள்.
மேலே அவள் எழுதியது இவ்வளவுதான்: அதன் பிறகு.
அதன் பிறகு ஐம்பத்து நான்கில் நோவசிபிர்ஸ்க்,
இரண்டு பதக்கம், ஏழு இசைத்தட்டு, பம்பாய்.

கூடவே குண்டூசியில் அவர் கைப்பட எழுதிய ருஷ்யத் தாள்.
ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன்.
நீலத்துக்கு அடியில் எனக்குப் படிக்கத் தெரிந்தது
ஓர் எண் மட்டும். ஐம்பத்தெட்டு.
ஏதோ வீட்டு இலக்கம் என்று நினைத்தேன்.

ஒத்திகைக்கு ப்ரூஃப் கொண்டுபோனேன்.
அக்டோபர். அவர் கேட்டது ஒன்றே ஒன்றாம்:
ஏசியை நிறுத்துங்கள்.
கோவாக்கார வயலின்களுக்கும் கடற்படை ட்ரம்பெட்களுக்கும்
சட்டை முதுகோடு ஒட்டிக் கிடக்க,
அவர் மட்டும் ஸ்வெட்டரில், கழுத்துவரை பொத்தான் போட்டு.

நின்றபடியே படித்தார்.
ட்ராம்போனை அடித்து டியூபா என்று திருத்தினார்.
'அதன் பிறகு' வந்ததும் பென்சில் நின்றது.
அதன் தலைமேல் ஒரு வளைவு, வளைவுக்குள் ஒரு புள்ளி.
புருவமும் கண்மணியும் போல.
தாளைத் தந்துவிட்டு மேடை ஏறிவிட்டார்.

பிழைக்குறியா என்று கயெத்தானோவிடம் கேட்டேன்,
இரண்டாம் வயலின் வரிசையில் கடைசி ஆள்.
இல்லம்மா, அங்கே நிற்கணும் என்று அர்த்தம்.
எவ்வளவு நேரம்?
அவர் கை இறங்குகிற வரை.

என் ரெமிங்டனில் அப்படி ஒரு விசை கிடையாது.
எண்ணூறு பிரதிகள் குறியில்லாமலே போயின.
டியூபா மட்டும் சரியாக வந்தது.

கச்சேரியன்று, இரண்டாம் பாகத்தில் எங்கோ,
உயர்ந்த கை உயர்ந்தபடி நின்றது.
வில்கள் தந்தியை விட்டு எழவில்லை, ஒரே சுரம்.
மாடியில் யாரோ இருமினார்கள்.
லுத்மிலா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

சர்ச்கேட்டில் ஒன்பது நாற்பது போய்விட்டிருந்தது.
மாதுங்காவில் கதவைத் திறந்த அண்ணன்,
சீருடையைக்கூடக் கழற்றவில்லை,
ஏன் இவ்வளவு நேரம் என்றான்.

கண்டக்டர் விசில் கொடுக்கவில்லை என்றேன்.